சென்னையிலிருந்து ஓர் இரவு: ஏலகிரியில் கூடாரம் போட்டுத் தங்குவது எப்படி?

கேள்வி இதுதான். சென்னையில் வேலை பார்க்கும் கணவன் மனைவி, பதினொரு வயது மகன், அறுபதைத் தாண்டிய, முழங்கால் வலியுள்ள அம்மா. நால்வரில் ஒருவரும் இதுவரை கூடாரத்தில் படுத்ததில்லை. சனிக்கிழமை காலை கிளம்பி, ஒரு மலை உச்சியில் கூடாரம் போட்டு இரவு தங்கி, ஞாயிறு இரவு வீடு வந்து சேர வேண்டும். கஷ்டமில்லாத இடமாக இருக்க வேண்டும். எங்கே போகலாம், எப்படித் திட்டமிடலாம்?

ஏலகிரிக்குப் போங்கள். நான் வாணியம்பாடிக்காரன், எங்கள் வீட்டு மொட்டை மாடியில் துணி காயப்போட ஏறினால் எதிரே நிற்கும் மலை அது, ஆகவே கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம். ஆனாலும் நீங்கள் சொன்ன நால்வரையும் ஒரே பயணத்தில் திருப்திப்படுத்தக்கூடிய மலை சென்னைக்கு இவ்வளவு பக்கத்தில் வேறில்லை. சாலை வழியாகச் சுமார் 230 கிலோமீட்டர். மலையின் சராசரி உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். மேலே ஊர்கள் இருக்கின்றன, பஸ் போகிறது, கடை இருக்கிறது, கைப்பேசி வேலை செய்கிறது. மலையேறுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள் இதையெல்லாம் குறையாகச் சொல்வார்கள். முதல் தடவை கூடாரத்தில் படுக்கப்போகிறவர்களுக்கு இவைதான் நிறைகள்.

ஆனால் உங்கள் திட்டத்தில் ஒன்றை மட்டும் இப்போதே மாற்றிக்கொள்ளுங்கள். உச்சி வேறு, படுக்கும் இடம் வேறு. ஏலகிரியின் மிக உயர்ந்த முனை சுவாமிமலை, சுமார் 1,320 மீட்டர். அங்கே கூடாரம் போட முடியாது, போடவும் கூடாது. அது காடு, வனத்துறையின் பொறுப்பில் இருப்பது. நீங்கள் படுக்க வேண்டியது கீழே, ஊரை ஒட்டிய பட்டா நிலத்தில். இரவுக்கு ஊர், பகலுக்கு உச்சி என்று பிரித்துக்கொண்டால் மற்ற சிக்கல்களில் பாதி தானாகவே அவிழ்ந்துவிடும். அம்மா உச்சிக்கு ஏறவே வேண்டியதில்லை, ஆனால் கூடாரத்தில் படுக்கலாம். நடு இரவில் கால் பிடித்துக்கொண்டால் பத்தடியில் ஒரு கட்டிலும் மின்விளக்கும் இருக்கும்.

இந்தப் பிரிவினை என் சொந்தக் கண்டுபிடிப்பல்ல. 2018 மார்ச் 11ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் சென்னையிலிருந்து வார விடுமுறைக்குப் போனவர்கள். அதற்குப் பிறகு அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளைக் கொண்டுவந்தது. அனுமதி வாங்காமல் காட்டுக்குள் நடப்பது குற்றம், காட்டில் இரவு தங்குவது அதைவிடப் பெரிய தொல்லை. இணையத்தில் யாரோ உச்சிப் பாறையில் கூடாரத்துக்கு முன்னால் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பாறையைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். அந்தப் படம் எடுத்தவர் பிடிபடவில்லை, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

உச்சிக்கு முறையாகப் போக இப்போது நல்ல வழி ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபரில் வனத்துறை ‘டிரெக் தமிழ்நாடு’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாநிலம் முழுக்க 40 பாதைகள், இணையத்தில் முன்பதிவு, கூடவே உள்ளூர் இளைஞர் ஒருவர் வழிகாட்டியாக வருவார். ஏலகிரி சுவாமிமலைப் பாதையும் அந்தப் பட்டியலில் உண்டு. சிறுவர்களுக்கு என்ன விதி, பெற்றோர் ஒப்புதல் எப்படித் தர வேண்டும் என்பதை முன்பதிவு செய்யும்போதே படித்துவிடுங்கள். தீப்பிடிக்கும் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள். 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தார்கள். ஆகவே தேதியைக் குறிப்பதற்கு முன்னால் இணையதளத்தைத் திறந்து பாருங்கள். ரயில் டிக்கெட்டெல்லாம் அதற்குப் பிறகு.

தேதியைப் பற்றி. ஜனவரி பிற்பாதியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை என்பது என் தேர்வு. பொங்கல் விடுமுறையைத் தவிர்த்துவிடுங்கள், அந்த நாட்களில் கொண்டை ஊசி வளைவுகளில் கார்கள் எறும்பு ஊர்வலம் போல நிற்கும். மே மாதம் கோடை விழாக் கூட்டம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. இந்த மூன்றும் எல்லோருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாதது ஆகஸ்ட், செப்டம்பர் இடிமழை. சென்னையில் அந்த மாதங்களில் புழுங்கிக்கொண்டிருக்கும்போது எங்கள் பக்கத்தில் சாயங்காலம் இருண்டு, இரவில் கொட்டித் தீர்த்துவிடும். நான் பட்ட பாடு அந்த மாதத்தில்தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

நாளையும் கொஞ்சம் பார்த்துக் குறியுங்கள், பஞ்சாங்கம் போதும். விண்மீன் பார்க்க அமாவாசைதான் நல்லது என்பார்கள். பழக்கமில்லாதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அமாவாசை இருட்டு அச்சமூட்டும். கழிப்பறைக்குப் போய் வருவதே பெரிய காரியமாகிவிடும். பௌர்ணமி என்றால் வானமெல்லாம் பால் வெளிச்சம், விண்மீன் தெரியாது. வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய சனிக்கிழமை கிடைத்தால் விடாதீர்கள். சாயங்காலம் முதலே நிலா தலைக்கு மேல் இருக்கும். சாப்பிட, நடக்க, கூடாரத்தில் பொருள் தேட டார்ச் கூட அவ்வளவாகத் தேவைப்படாது. நள்ளிரவுவாக்கில் நிலா மறைந்துவிடும். விடியற்காலை நாலரைக்கு எழுந்தால் கறுப்பு வானம் உங்களுக்காகக் காத்திருக்கும்.

இனிப் போகும் வழி. அம்மாவை நினைத்தால் ரயில்தான் சரி. சென்ட்ரலிலிருந்து காலையில் கிளம்பும் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பதினோரு மணிக்கு முன்பாகவே ஜோலார்பேட்டையில் இறக்கிவிடும். நேரம் அவ்வப்போது மாறும், டிக்கெட் எடுக்கும்போது பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து வரும் தண்டவாளம் பெங்களூருக்கு ஒன்றாகவும் சேலத்துக்கு ஒன்றாகவும் பிரியும் சந்திப்பு அது. அங்கிருந்து மலைக்கு மேல் அத்தனாவூருக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். பஸ் உண்டு, ஆனால் நம் அவசரத்துக்கு வராது. நால்வர் பையுடன் போவதால் வண்டி பேசிக்கொள்ளுங்கள். மறுநாள் இறங்குவதற்கும் அதே ஓட்டுநரிடம் சொல்லி எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள், அப்போது வண்டி தேடினால் கிடைக்காது.

காரில் வருவதானால் காஞ்சிபுரம், வேலூர், ஆம்பூர் வழியாக வாணியம்பாடி வந்து, திருப்பத்தூர் சாலையில் திரும்பி, பொன்னேரியில் மலைப்பாதையைப் பிடிக்க வேண்டும். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள், புலவர்கள் பெயர் சில, பாரி, ஓரி, அதியமான் என்று கடையெழு வள்ளல்கள் பெயர் சில. பையனுக்கு வயிறு புரட்டாமல் இருக்க இதைவிட நல்ல மருந்து கிடையாது: அடுத்த வளைவு யார் என்று கேட்டுக்கொண்டே ஏறுங்கள். ஏறும் வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

ஆம்பூர் என்றதும் உங்களுக்கு என்ன தோன்றும் என்று தெரியும். பிரியாணியை அங்கேயே உட்கார்ந்து, கத்தரிக்காய்க் குழம்போடு, சூடாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பொட்டலம் கட்டி மேலே கொண்டுபோய் இரவு எட்டு மணிக்குப் பிரிக்கலாம் என்ற யோசனை வேண்டாம். மதியம் கட்டிய கறிச்சோறு வெதுவெதுப்பாகவே ஏழு மணி நேரம் பையில் கிடந்தால் என்ன ஆகும் என்று அம்மாவைக் கேட்டால் சொல்வார். கூடாரத்தில் படுத்திருக்கும் இரவு வயிற்றுப்போக்கு வருவதைப் போன்ற தண்டனை வேறில்லை. கட்டுச்சோற்றுக்கு நம் பாட்டிமார்கள் கண்டுபிடித்தவை போதும். நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றிய புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். தயிர்சாதத்துக்குப் பாலூற்றிப் பிசைந்து உறை குத்திக் கொண்டுபோங்கள்.

தங்கும் இடத்துக்கு வருவோம். அத்தனாவூர், நிலாவூர், மங்கலம் பக்கங்களில் தோட்டத்திலும் விடுதி வளாகத்திலும் கூடாரம் போட இடம் தருகிறார்கள். பல இடங்களில் கூடாரத்தையும் அவர்களே போட்டுத் தருகிறார்கள். முதல் தடவைக்கு எதையும் வாங்காமல் அவர்களுடைய கூடாரத்தில் படுத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் அடுத்த முறை வாங்கிக்கொள்ளலாம். சென்னை வீடுகளின் பரண்களில் ஒரே ஒரு முறை விரித்த கூடாரங்கள் எத்தனை தூங்குகின்றன என்று கணக்கெடுத்தால் அதைக் கொண்டு ஒரு ஊரையே குடியேற்றிவிடலாம்.

தொலைபேசியில் பேசும்போது படங்களை அனுப்பச் சொல்லாதீர்கள், படத்தில் எல்லா இடமும் சொர்க்கம்தான். நான் கேட்கும் கேள்விகள் வேறு. நிலம் பட்டாவா? கழிப்பறை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது, உட்காரும் வகையா, குந்தும் வகையா? (முழங்கால் வலிக்காரருக்கு மலையேற்றத்தைவிட இது முக்கியம்.) அந்த சனிக்கிழமை மொத்தம் எத்தனை கூடாரம்? இரவு காவலுக்கு ஆள் இருப்பாரா? மழை வந்தால் ஒதுங்கக் கூரை உண்டா? அம்மாவுக்கு ஒரு அறை பக்கத்திலேயே கிடைக்குமா? கடைசியாக, ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு நிறுத்தப்படும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ‘எங்களிடம் பாட்டு, நெருப்பு, ஆட்டம் எல்லாம் உண்டு சார், விடிய விடிய’ என்று உற்சாகமாகப் பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த எண்ணைச் சுற்றுங்கள். காட்டு விலங்கைவிட அந்த ஒலிபெருக்கிதான் ஏலகிரி இரவுகளின் பெரிய அபாயம்.

அந்தச் செப்டம்பர் கதை. சொந்தக் கூடாரம் வாங்கிய புதிது. நண்பர்கள் மூன்று பேர், தெரிந்த விவசாயி ஒருவரின் நிலம். பலா மரத்துக்கு அப்பால் புல்வெளி ஒன்று மடியைப் போலக் குழிந்து, மெத்தை விரித்ததுபோல் இருந்தது. மேடு கல்லும் கரடுமாக இருந்ததால் அந்தக் குழிவிலேயே கூடாரம் அடித்தோம். பெரியவர் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது நின்று பார்த்தார். ‘அங்கே மாடே படுக்காதே தம்பி’ என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் மறுபடி சொல்லவில்லை, மலைக்காரர்கள் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொல்ல மாட்டார்கள்.

இரவு ஒரு மணிக்கு மழை பிடித்தது. கூரைத்துணி ஒரு சொட்டு ஒழுகவில்லை, அதற்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை. தண்ணீர் கீழேயிருந்து வந்தது. முதலில் முதுகுக்கடியில் ஏதோ நெளிவதுபோல் இருந்தது. கையை வைத்தால் கூடாரத்தின் தரை, தண்ணீர் நிரப்பிய பைபோல் தளதளவென்று அசைந்தது. அரைமணி நேரத்தில் செருப்புகள் மிதந்து போய்விட்டன. மீதி இரவை மாட்டுக்கொட்டகைத் திண்ணையில், அந்தப் பெரியவரின் சாக்குப் பைகளைப் போர்த்திக்கொண்டு கழித்தோம். எருமை ஒன்று விடியும்வரை எங்களைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது.

மாடு படுக்கும் இடத்தைப் பார்த்துப் படுங்கள். மாடு ஈரத்தில் படுக்காது, காற்று நேராக அறையும் விளிம்பிலும் படுக்காது. சற்றே சரிந்த, தண்ணீர் வழிந்தோடும் மேட்டில் படுக்கும். ஊர்க்காரர் போட்டுத்தந்த கூடாரமாக இருந்தாலும் நாலு மணி வெளிச்சத்திலேயே போய்ச் சுற்றிப் பாருங்கள். தலைக்கு மேல் காய்ந்த கிளை தொங்குகிறதா? பலாவின் பருவம் என்றால் மேலே காய் இருக்கிறதா? சிரிக்காதீர்கள், பத்து கிலோ பலாப்பழம் இரவில் விழுந்தால் கூடாரத்துணி அதைத் தாங்காது. எறும்புப் புற்று பக்கத்தில் இருக்கிறதா? சரிவான தரையென்றால் தலையை மேட்டுப்பக்கம் வையுங்கள்.

குளிரைப் பற்றிச் சென்னைக்காரர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று. மேலே போர்த்த மூன்று கம்பளி எடுத்து வருவார்கள், கீழே விரிக்க ஒரு போர்வை. குளிர் தரையிலிருந்துதான் ஏறும். நம் உடல் எடையில் கீழே உள்ள போர்வை நசுங்கி, அதற்குள் இருக்கும் காற்று வெளியேறிவிடும், காற்று போனால் கதகதப்பும் போயிற்று. ஜனவரி இரவில் மேலே பதினைந்து டிகிரிக்குக் கீழேயும் இறங்கும். நசுங்காத பொருள் அடியில் வேண்டும். கடைகளில் கிடைக்கும் மடிப்பு நுரைப்பாய் ஆளுக்கொன்று, அதற்கும் அடியில் வீட்டுக் கோரைப்பாய். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வைக்கோலைப் பரப்பி அதன் மேல் பாய் போடுவார்கள், நுரைப்பாயைவிட அது சுகம். நெருப்பு பக்கத்தில் இல்லையென்றால் மட்டும். அம்மாவுக்குக் காதை மூடும் குல்லாய் ஒன்றும் உலர்ந்த காலுறை ஒரு ஜோடியும் போதும். படுக்கப்போகும்போதுதான் அந்தக் காலுறையைப் போட வேண்டும், பகல் முழுக்க வியர்த்த காலுறையோடு படுத்தால் விடியும்வரை பாதம் சில்லிட்டே கிடக்கும்.

கூடாரத்தின் அளவு விஷயத்தில் கடைக்காரர் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். ‘நான்கு பேர்’ என்று போட்டிருந்தால் இரண்டு பெரியவர்கள், ஒரு பையன், மூன்று பை. அம்மாவுக்குத் தனிக் கூடாரமோ அறையோ ஏற்பாடு செய்யுங்கள். இரவில் கூடாரத்தை முழுக்க இழுத்து மூடிவிடவும் வேண்டாம். மூன்று பேர் இரவெல்லாம் விடும் மூச்சின் ஈரம் ஒரு தம்ளருக்கு மேல் வரும். அது போக வழியில்லாமல் துணியின் உட்புறத்தில் முத்து முத்தாக நிற்கும், விடியற்காலையில் யாராவது புரண்டு கை பட்டால் எல்லாம் ஒரே நேரத்தில் முகத்தில் கொட்டும். ‘கூடாரம் ஒழுகுகிறது’ என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இதுதான். கொசுவலை ஜன்னலை இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்காவது திறந்து வையுங்கள்.

அடுத்த முறை சொந்தக் கூடாரம் கொண்டுவருவதாக இருந்தால் ஒரு சின்ன விஷயம். கூடவே தரும் மெல்லிய அலுமினிய முளைகள் ஏலகிரியின் சரளைத் தரையில் வளைந்துபோகும். ஹார்டுவேர் கடையில் ஆறு அங்குல இரும்பு ஆணி எட்டு வாங்கி வாருங்கள். ஆணியின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும்படி அடிக்க வேண்டும். அப்போதுதான் காற்று கயிற்றை இழுக்க இழுக்க ஆணி இறுகும்.

நெருப்பு. இதில் நான் கொஞ்சம் கறாரானவன். தங்கும் இடத்தில் அவர்கள் கல்லடுக்கி வைத்திருக்கும் இடத்தில், அவர்கள் முன்னிலையில், வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு மூட்டினால் சரி. நீங்களாக ஓரிடத்தில் சருகைக் கூட்டிக் கொளுத்த வேண்டாம். பிப்ரவரியில் மலைச்சரிவின் புல் காகிதம்போல் காய்ந்திருக்கும், ஒரு பொறி போதும். ரயிலில் சிறிய எரிவாயு அடுப்போ சிலிண்டரோ எடுத்து வரவும் கூடாது. ரயில்வே சட்டத்தின் 164ஆம் பிரிவின்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ விதிக்கலாம். தேநீருக்குப் பிளாஸ்க் இருக்கிறது. குளிர்கிறது என்று தணல் சட்டியைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்வதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். மூடிய இடத்தில் கரி புகைந்தால் வரும் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

விலங்கு பற்றிய உங்கள் பயம் புரிகிறது. ஊரை ஒட்டிப் படுக்கிறவர்களுக்கு உண்மையான எதிரி குரங்கு. தின்பண்டத்தைக் கூடாரத்துக்குள் வைத்துவிட்டுப் புங்கனூர் ஏரிக்குப் படகு விடப் போனால், திரும்பும்போது கூடாரம் இருக்கும், பண்டம் இருக்காது, ஜிப்பைத் திறக்கத் தெரியாத ஆத்திரத்தில் துணியையும் கிழித்திருக்கும். சாப்பாட்டுப் பையை விடுதி அறையில் பூட்டி வையுங்கள். இந்தப் பக்கத்து மலைகளில் கரடி உண்டு என்பதால் இருட்டிய பிறகும் விடியும் முன்னும் காட்டுப்பாதையில் தனியாகக் கால் வைக்க வேண்டாம். பாம்புக்கும் தேளுக்கும் ஒரே பழக்கம்தான்: செருப்பை, ஷூவை மாட்டும் முன் தலைகீழாகத் தட்டுவது, டார்ச் இல்லாமல் நடக்காமல் இருப்பது. பையனிடம் தட்டும் வேலையை ஒப்படைத்துவிடுங்கள், வீட்டிலுள்ள எல்லோருடைய செருப்பையும் தட்டிவிட்டுத்தான் தூங்குவான்.

இனி அந்த இரவு. ஜனவரி கடைசியில் ஆறே காலுக்குச் சூரியன் இறங்கிவிடும். ஏழு மணிக்குச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். ஜோலார்பேட்டைப் பக்கம் பார்க்கும் விளிம்பு உங்கள் தங்குமிடத்துக்கு அருகில் இருந்தால், வேலிக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து கீழே பாருங்கள். சந்திப்பின் விளக்குகள் சிந்திய நெல்மணிபோலக் கிடக்கும். அதிலிருந்து வெளிச்சக் கோடு ஒன்று பிரிந்து மெதுவாக ஊர்ந்து போகும். அது கோவைக்கா, பெங்களூருக்கா என்று பந்தயம் கட்டலாம். சத்தம் மட்டும் சற்றுத் தாமதமாக வந்து சேரும்.

பத்து மணிவாக்கில் நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து கையளவு உயரத்தில் மஞ்சள் கலந்த வெள்ளையில் ஒன்று தனித்து மின்னும். அதுதான் அகத்தியர் நட்சத்திரம். தெற்கே போன முனிவர் தெற்கிலேயே நின்றுவிட்டார் என்று அம்மா கதை சொல்லட்டும். விடியற்காலை நாலரைக்கு, நிலா போன பிறகு, அதே தெற்கில் தாழ்வாகத் தென்சிலுவை நிமிர்ந்து நிற்கும். வடக்கே திரும்பி, கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அடிவானத்துக்கு மேலே ஒன்றேகால் கைமுட்டி உயரத்தில் துருவ நட்சத்திரம். வடதுருவத்து விண்மீனையும் தென்சிலுவையையும் ஒரே இடத்தில் நின்று பார்க்க நம் அட்சரேகைக்குக் கொடுத்து வைத்திருக்கிறது. பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது. பையனுக்கு அன்றிரவு வானம் பிடித்துப்போனால் அடுத்த பயணத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

சூரிய உதயத்தை உச்சியில் நின்று பார்க்க முடியாது. அனுமதி பெற்ற நடை வெளிச்சம் வந்த பிறகுதான் தொடங்கும். ஆறே முக்காலுக்குக் கூடார வாசலில், கையில் காபியோடு, பனிமூட்டம் தென்னைகளுக்கு நடுவே கரைவதைப் பாருங்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. பிறகு நீங்கள் மூவரும் வழிகாட்டியோடு சுவாமிமலைக்கு ஏறுங்கள், நடை மங்கலம் பக்கமிருந்து. நிதானமாக ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் உச்சி. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், கைக்கு ஆரஞ்சு, சறுக்காத அடிப்பாகமுள்ள ஷூ. வேறொன்றும் வேண்டாம். மேலே பாறையில் உட்கார்ந்து ஜவ்வாதுத் தொடரையும் கீழே சதுரம் சதுரமான வயல்களையும் பார்த்துவிட்டு, வெயில் ஏறும் முன் இறங்கிவிடுங்கள். அதற்குள் அம்மா விடுதிக்காரரின் வீட்டம்மாவோடு சிநேகமாகி, மலைத்தேனும் கொய்யாவும் பேரம் பேசி வாங்கி வைத்திருப்பார். எந்தத் தேன் அசல், எது வெல்லப்பாகு என்பதில் நான் தலையிட மாட்டேன்.

கூடாரத்தை மடிக்கும் முன் வெயிலில் ஒரு மணி நேரம் காயவிடுங்கள். ஈரத்தோடு சுருட்டினால் ஒரு வாரத்தில் பூஞ்சை பிடித்து, அதன் நாற்றம் போகவே போகாது. குப்பை முழுவதையும், ஆரஞ்சுத் தோல் உட்பட, ஒரு பையில் கட்டி ஊருக்கே எடுத்துப் போங்கள். மலையில் போட்ட பிஸ்கெட் உறை மாட்டின் வயிற்றுக்குத்தான் போய்ச் சேரும்.

இரண்டரை மணிக்கெல்லாம் வண்டி ஏறிவிடுங்கள். ஐந்து மணியளவில் பிருந்தாவன் ஜோலார்பேட்டைக்குத் திரும்ப வரும். சென்னைக்குப் போகும்போது வலப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். சாயும் வெயில் மலையின் மேல் நேராக விழும் நேரம் அது. வாணியம்பாடி வரும்வரை ஏலகிரி கூடவே வரும், காலையில் நீங்கள் ஏறிய மேடு எது என்று பையன் கண்டுபிடிக்கட்டும்.